ஒருமுறை பார்த்த கிருமியை உடல் எப்படி நினைவில் வைக்கிறது? – ரஃபி அஹமது அவர்களின் ஆய்வுகள்

ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்பவருக்குக் காலில் கல் வெட்டிவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள்?" என்பது. அதே வட்டாரத்தில் லெப்பைக்குடிக்காட்டிலிருந்தோ வி.களத்தூரிலிருந்தோ ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள், மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். ஆனால் சிறு வயதில் தட்டம்மை வந்து போனவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. "எனக்கு இனி வராது" என்று அவரே சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது உண்மைதான்.

ஒரு நோய்க்கு ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. இன்னொன்றுக்குப் பத்து ஆண்டுகளில் மறுபடி ஊசி. வேறொன்றுக்குப் பத்து நாள் காத்திருப்பு. இந்த வித்தியாசம் எதனால்? இதற்கான விடையின் பெரும் பகுதியைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்த ரஃபி அஹமது. புற்றுநோய் சிகிச்சையில் இன்று பேசப்படும் புதிய மருந்துகளுக்கு வழி காட்டிய ஆய்வுகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இவற்றில் நிறைய இருக்கின்றன.

யார் இவர்?

ரஃபி அஹமது ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். பிறகு அமெரிக்கா சென்று ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலில் முதுகலை முடித்தார். 1981ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்து கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் ஓல்ட்ஸ்டோன் என்ற புகழ்பெற்ற வைரஸ் ஆய்வாளரிடம் பணியாற்றினார். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபின், 1995ல் அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழகத்துக்கு வந்து அங்கே தடுப்பூசி ஆய்வு மையத்தின் இயக்குநரானார். 2009ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 2017ல் ஜெர்மனியின் ராபர்ட் காக் விருது அவருக்கும் அன்டோனியோ லான்சவெக்கியாவுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

ஆன்டிபாடி என்பது என்ன?

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பி செல், டி செல் என்று இரு வகைகள் உண்டு. பி செல்களிலிருந்து உருவாகும் பிளாஸ்மா செல்கள்தான் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கின்றன. ஆன்டிபாடி ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கிருமியின் குறிப்பிட்ட பகுதியில் மட்டும் பூட்டுக்குச் சாவி போலப் பொருந்தும். பொருந்தியதும் அந்தக் கிருமி நம் செல்லுக்குள் நுழைய முடியாமல் போகும்.

கிருமி எப்படியோ செல்லுக்குள் நுழைந்துவிட்டால் ஆன்டிபாடியால் அதை எட்ட முடியாது. அப்போது டி செல்களின் வேலை தொடங்குகிறது. ஒரு வகை டி செல்கள், கிருமி புகுந்த செல்லை அடையாளம் கண்டு அழிக்கின்றன. இன்னொரு வகை டி செல்கள், பி செல்களுக்கு "நல்ல ஆன்டிபாடி தயாரி" என்று சமிக்ஞை கொடுக்கின்றன. இந்தச் செல்கள் தம் மேல்பரப்பில் உள்ள புரதங்கள் மூலமாகத்தான் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன. "வேலையைத் தொடங்கு" என்று சொல்லும் புரதங்களும் உண்டு. "போதும், நிறுத்து" என்று சொல்லும் புரதங்களும் உண்டு. இந்த இரண்டும் சரியான அளவில் இருப்பதே ஆரோக்கியம்.

ஒரு முறை அம்மை வந்தவருக்கு மறுமுறை வருவதில்லை என்பது பழைய அனுபவ அறிவு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மருத்துவர் அர்ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனி நூலே எழுதினார். பெரியம்மை ஏன் திரும்ப வருவதில்லை என்பதற்கு அக்கால மருத்துவக் கொள்கைப்படி ஒரு விளக்கமும் சொன்னார். ஆனால் உடலின் எந்த மூலையில், எந்தச் செல்லில் அந்த நினைவு தங்கியிருக்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை தெளிவாகத் தெரியவில்லை.

எலியிலிருந்து கிடைத்த பாடம்

ரஃபி அஹமது தன் ஆய்வுகளுக்குப் பயன்படுத்தியது, எலிகளைத் தாக்கும் எல்.சி.எம்.வி. என்ற வைரஸ். இதில் இரண்டு ரகங்களை வைத்து அவர் வேலை செய்தார். முதல் ரகம் உடலுக்குள் போனால், எலியின் டி செல்கள் சுமார் ஒரு வாரத்தில் அதை முழுவதுமாக விரட்டிவிடும். நோய் நீடித்திருந்த எலிகளின் மண்ணீரலிலிருந்து அவரும் உடன் ஆய்வாளர்களும் பிரித்தெடுத்து 1984ல் வெளியிட்டது இரண்டாவது ரகம். அது உடலில் மாதக்கணக்கில் தங்கிவிடும். இரண்டு ரகங்களுக்கும் மரபணுவில் மிகச் சிறிய வேறுபாடுதான். ஆனால் ஒன்றில் உடல் வெல்கிறது, மற்றதில் தோற்கிறது.

முதல் ரகம், உடல் வென்றபின் எப்படி நினைவு வைக்கிறது என்பதைக் காட்டியது. இரண்டாவது ரகம், உடல் ஏன் தோற்கிறது என்பதைக் காட்டியது. அவருடைய முக்கியமான கண்டுபிடிப்புகள் பலவும் இந்த ஒப்பீட்டிலிருந்துதான் பிறந்தன.

நினைவு எங்கே இருக்கிறது?

இரத்தத்தில் உள்ள முக்கிய வகை ஆன்டிபாடியின் ஆயுள் குறைவு. ஏறக்குறைய மூன்று வாரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அப்படியானால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தட்டம்மை வந்தவரின் இரத்தத்தில் இன்றும் ஆன்டிபாடி இருப்பது எப்படி? யாரோ உள்ளே உட்கார்ந்து தினமும் புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிளாஸ்மா செல்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிடும் என்றுதான் அதுவரை பரவலாக நம்பினார்கள். ரஃபி அஹமதும் அவருடைய மாணவர் மார்க் ஸ்லிஃப்காவும் அப்படி இல்லை என்று காட்டினார்கள். நோய் நீங்கிய பிறகு பிளாஸ்மா செல்களில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜைக்குள் போய்த் தங்கிவிடுகிறது. புதிய செல்கள் உருவாவதைத் தடுத்துவிட்ட எலிகளிலும், பழைய பிளாஸ்மா செல்கள் நெடுநாள் உயிரோடு இருந்து ஆன்டிபாடி சுரந்துகொண்டே இருந்தன. 1998ல் வெளியான இந்த ஆய்வு, இன்று நோய் எதிர்ப்பியல் பாடத்தின் அடிப்படைகளில் ஒன்று.

டி செல்களின் கதையும் இதைப் போன்றதே. நோய் உச்சத்தில் இருக்கும்போது அந்தக் கிருமிக்கான டி செல்கள் பல்லாயிரம் மடங்கு பெருகுகின்றன. நோய் நீங்கியதும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை இறந்துவிட, நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை மட்டும் மிஞ்சி நினைவுச் செல்களாகின்றன. அதே கிருமி திரும்ப வந்தால் இவை முதல் தடவையைவிட வேகமாக வேலையைத் தொடங்கும். மனிதர்களிடம் இதைச் சோதிக்க, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டவர்களை ரஃபி அஹமதுவின் குழு பின்தொடர்ந்தது. இந்தியரான ரமா அகொண்டி முதன்மை ஆசிரியராக இருந்த அந்த ஆய்வு 2017ல் வெளியானது. ஊசி போட்ட முதல் இரு வாரங்களில் வேகமாகப் பெருகிய செல்களே பிற்கால நினைவுச் செல்களாக மாறின என்றும், அவை பிறகு ஓராண்டுக்கு ஒருமுறைகூடப் பிளவுபடாமல் அமைதியாகக் காத்திருக்கின்றன என்றும் அதில் தெரிந்தது.

இதிலிருந்து நமக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது. ஊசி போட்ட சில மாதங்களில் இரத்தத்தில் ஆன்டிபாடி அளவு குறைவது இயல்பு. அதனால் ஊசி வீணாகிவிட்டது என்று பொருளில்லை. கோவிட் வந்து குணமானவர்களிடம் ஏழெட்டு மாதங்கள் கழித்துச் செய்த ஆய்விலும், பெரும்பாலானவர்களின் எலும்பு மஜ்ஜையில் அந்த வைரஸுக்கான பிளாஸ்மா செல்கள் இருந்தன. 2021ல் அந்த ஆய்வை வெளியிட்ட குழுவின் தலைவர் அலி எல்லபெடி, எமரியில் ரஃபி அஹமதிடம் பயிற்சி பெற்றவர்.

தட்டம்மைக்கு ஆயுள் முழுக்க, டெட்டனஸுக்கு மறுபடி ஊசி ஏன்?

மார்க் ஸ்லிஃப்கா பின்னர் தனியாக ஆய்வகம் அமைத்து, ஒரே மனிதர்களின் இரத்தத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தார். 2007ல் வெளியான முடிவு இது: தட்டம்மைக்கான ஆன்டிபாடி பாதியாகக் குறைய 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதாவது மனித ஆயுளுக்குள் அது குறைவதே இல்லை எனலாம். டெட்டனஸுக்கான ஆன்டிபாடியோ 11 ஆண்டுகளில் பாதியாகிவிடுகிறது. தொண்டை அடைப்பான் நோய்க்கு 19 ஆண்டுகள்.

காரணம் என்ன? தட்டம்மை தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அது உடலுக்குள் சிறிது பெருகி, பி செல்களையும் டி செல்களையும் பலமாகத் தட்டி எழுப்புகிறது. டெட்டனஸ் தடுப்பூசியில் இருப்பது நச்சு நீக்கிய ஒரு புரதம் மட்டுமே. எழுப்பும் வலு குறைவு என்பதால் நினைவும் மெதுவாகத் தேய்கிறது. அதனால்தான் குழந்தைக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போட்டபின், ஒன்றரை வயதை ஒட்டி ஒன்று, ஐந்து வயதில் ஒன்று, 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று என்று அரசு அட்டவணை போகிறது. பள்ளியில் 10, 16 வயதில் போடும் ஊசியை "பெரிய பிள்ளைக்கு எதற்கு?" என்று தவிர்க்கும் வீடுகள் உண்டு. தேய்ந்துவரும் நினைவை உடலுக்குப் புதுப்பித்துக் கொடுக்கும் ஊசி அதுதான்.

கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போடுவதற்கும் இதே அறிவியல்தான் அடிப்படை. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. பிறந்த குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த டெட்டனஸ், இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாக 2015ல் அறிவிக்கப்பட்டது. தாய்மார்களுக்குப் போட்ட ஊசியும் சுத்தமான பிரசவமுமே அதைச் சாதித்தன.

தட்டம்மை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "ஊசி எதற்கு, நோய் வந்து போனால் ஆயுளுக்கும் பாதுகாப்புதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தட்டம்மை வைரஸ், நினைவுச் செல்களையே தாக்கி அழிக்கக்கூடியது. தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை நெதர்லாந்தில் ஆராய்ந்து 2019ல் வெளியான முடிவின்படி, தட்டம்மை வந்தபின் அவர்கள் மற்ற நோய்களுக்கு வைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்தார்கள். அதாவது மற்ற கிருமிகளைப் பற்றி உடல் சேர்த்துவைத்த நினைவை இந்த நோய் அழித்துவிடுகிறது. தடுப்பூசியால் அப்படி நேர்வதில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பெற்றோர்கள் தயங்கினார்கள். அன்று ஊசி போடாமல் விட்ட பிள்ளைகள் இருந்தால், இப்போதும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

ஹஜ் ஊசிக்கு ஏன் பத்து நாள்?

2008ல் ரஃபி அஹமதுவும் ஓக்லஹோமாவில் இருந்த பேட்ரிக் வில்சனும் சேர்ந்து, ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்களின் இரத்தத்தை நாள்தோறும் கவனித்தார்கள். ஆன்டிபாடி தயாரிக்கும் இளம் செல்கள் இரத்தத்தில் திடீரெனப் பெருகி, ஏழாம் நாளில் உச்சத்தைத் தொட்டன. அந்தச் செல்களைத் தனித்தனியே பிரித்து, ஒரு மாதத்துக்குள் ஆய்வகத்திலேயே மனித ஆன்டிபாடிகளை உருவாக்கிக் காட்டினார்கள். நோய் வந்தவரின் இரத்தத்திலிருந்து மருந்தாகும் ஆன்டிபாடியை விரைவாக எடுக்க இது வழி திறந்தது.

நமக்கு இதில் உள்ள பாடம்: ஊசி உள்ளே போன அன்றே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. செல்கள் பெருகி, ஆன்டிபாடி இரத்தத்தில் நிறைய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை சவூதி சென்றடைவதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும் என்ற விதிக்கு அடிப்படை இதுவே. 1987ல் ஹாஜிகளிடையே இந்த நோய் பரவியது. 2000ல் வேறொரு வகைக் கிருமியால் மறுபடி பரவி, ஹாஜிகள் வழியாகப் பல நாடுகளுக்கும் சென்றது. அதன் பிறகுதான் நான்கு வகைக் கிருமிகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தரும் ஊசி கட்டாயமானது.

இந்த ஊசியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கிருமியின் மேலுறைச் சர்க்கரைப் பொருள் மட்டும் இருக்கும். அதற்கு டி செல்களின் உதவி கிடைக்காததால் நினைவு சரியாக உருவாகாது. அதன் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். மற்றதில் அந்தச் சர்க்கரையோடு ஒரு புரதத்தை இணைத்திருப்பார்கள். டி செல்கள் சமிக்ஞை கொடுப்பதால் பாதுகாப்பு நீடிக்கிறது. அதன் சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். எந்த வகை போட்டார்கள் என்று கேட்டு, சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சோர்ந்துபோன செல்களும் ஒரு பிரேக்கும்

இனி இரண்டாவது ரக வைரஸ். அது உடலில் நீடித்திருந்த எலிகளில், வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இல்லாமல் போகவில்லை. இருந்தன, ஆனால் வேலை செய்யவில்லை. 1998ல் ரஃபி அஹமதுவின் குழு இதை விளக்கியது. இந்த நிலைக்கு டி செல் சோர்வு என்று பெயர்.

ஏன் சோர்வு? அந்தச் செல்களின் மேல்பரப்பில் பிடி-1 என்ற புரதம் அளவுக்கு மீறி இருந்தது. பிடி-1ஐ ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் 1992ல் கண்டுபிடித்திருந்தது. அது "நிறுத்து" என்று சொல்லும் ஒரு பிரேக். ரஃபி அஹமதுவின் குழு, ஹார்வர்டின் கார்டன் ஃப்ரீமன், ஆர்லின் ஷார்ப் ஆகியோருடன் சேர்ந்து, அந்தப் பிரேக் பிடிக்கவிடாமல் தடுக்கும் ஆன்டிபாடியை எலிகளுக்குச் செலுத்தியது. சோர்ந்திருந்த டி செல்கள் மறுபடி விழித்துப் பெருகின. வைரஸ் அளவு குறைந்தது. 2006ல் வெளியான இந்த ஆய்வு, சோர்வு என்பது மீள முடியாத நிலை அல்ல என்று காட்டியது.

புற்றுநோய்க் கட்டிகளும் இதே பிரேக்கைப் பயன்படுத்தித்தான் டி செல்களை அடக்குகின்றன. பிடி-1ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்ற மருந்துகள் 2014ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவையும் ஆன்டிபாடிகளே. 2018ல் ஹோஞ்சோவுக்கும் ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சோர்ந்த செல்கள் எல்லாம் விழிப்பதில்லை என்றும், அவற்றுள் வித்து போன்ற ஒரு சிறு பிரிவே இந்த மருந்தால் பெருகுகிறது என்றும் ரஃபி அஹமதுவின் குழு 2016ல் கண்டறிந்தது. பிரேக்கை எடுத்தால் மட்டும் போதாது, சிடி28 என்ற புரதம் வழியாக "தொடங்கு" என்ற சமிக்ஞையும் வேண்டும் என்று 2017ல் காட்டியது. இந்த மருந்து சிலருக்கு நன்றாகக் கேட்பதும் பலருக்குக் கேட்காமல் போவதும் ஏன் என்ற கேள்விக்கு இவை விடையின் ஒரு பகுதி.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

"இம்யூனோதெரபி" என்ற பெயரில் இந்த மருந்துகள் இந்தியாவிலும் கிடைக்கின்றன. செலவு லட்சக்கணக்கில் போகும். வீட்டையோ நகையையோ விற்க முடிவு செய்யும் முன், புற்றுநோய் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வகைப் புற்றுநோய்க்கு இது பலன் தரும் என்று நிரூபிக்கப்பட்டிருக்கிறதா? கட்டியின் திசுவில் அதற்குரிய சோதனை செய்தாயிற்றா? எத்தனை தவணைக்குப் பிறகு பலன் இல்லையென்று நிறுத்துவோம்?

பிரேக் எடுத்த வண்டி எதிரில் வருவதை எல்லாம் இடிக்கலாம். இந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு டி செல்கள் சொந்த உடலையே தாக்கி, தைராய்டு, குடல், நுரையீரல், ஈரல் போன்றவற்றில் அழற்சி வரலாம். சிகிச்சையின்போது நிற்காத வயிற்றுப்போக்கோ, புதிதாக மூச்சுத்திணறலோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த மருந்து எடுப்பதை அங்கே சொல்ல மறக்கக் கூடாது.

"எதிர்ப்பு சக்தியைப் பல மடங்கு கூட்டும்" என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். பிடி-1 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குத் தம் உடலையே தாக்கும் நோய் வந்தது. ஆக, எதிர்ப்பு சக்தி என்பது கூடக்கூட நல்லது என்ற பொருள் அல்ல. தேவையானபோது எழுந்து, தேவை முடிந்ததும் அடங்குவதே அதன் சிறப்பு.

நம் நாட்டுக்கு

மழைக்காலம் வந்தால் நம் மாவட்டங்களுக்கும் டெங்கு அச்சம் வந்துவிடுகிறது. எமரி பல்கலைக்கழகமும் புதுடெல்லியில் உள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல் மற்றும் உயிரித் தொழில்நுட்ப மையமும் சேர்ந்து நடத்தும் தடுப்பூசி ஆய்வுத் திட்டம், டெங்கு நோயாளிகளின் ஆன்டிபாடிகளையும் டி செல்களையும் ஆராய்கிறது. டெங்குவில் நான்கு வகை வைரஸ்கள் உண்டு. ஒரு வகைக்கு உருவான ஆன்டிபாடி, வேறொரு வகை வரும்போது தடுப்பதற்குப் பதிலாக வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவிவிடக் கூடும். இரண்டாவது முறை வரும் டெங்கு சிலருக்குக் கடுமையாவது இதனால்தான். முன்பு டெங்கு வந்தவர்கள் வீட்டில் இருந்தால், அடுத்த காய்ச்சலில் கூடுதல் கவனம் தேவை.

உஸ்மானியாவில் படித்த ஒரு மாணவர் தொடங்கிய பாதை இது. நம் பிள்ளைகளில் உயிரியல் பிடித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பு ஒன்றே வழி அல்ல. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகிய இளநிலைப் பட்டங்கள் வழியாகவும் இந்தத் துறைக்குள் வரலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் டெல்லியில் உள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்திலும் இதற்கான ஆய்வுகள் நடக்கின்றன.

அதற்கு முன், இன்று வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தட்டம்மை–ரூபெல்லா இரண்டு தவணையும் உள்ளதா? ஐந்து வயது, 10 வயது, 16 வயது ஊசிகள் போட்டாயிற்றா? வீட்டுப் பெரியவர்கள் கடைசியாக டி.டி. ஊசி போட்டது எப்போது? விடுபட்டது இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அரசு அட்டவணையில் உள்ளவை அங்கே இலவசம்.